மூக்கு, பூச்சி, சவப்பெட்டி

அபத்தம் என்றதும் ஆல்பெர் காம்யுவும் பாறை உருட்டும் சிசிபஸும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 1942இல் காம்யு அதைத் தத்துவமாக்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சிறுகதைக்குள் அது குடியேறிவிட்டது, அதுவும் ஒரு மூக்கின் வடிவில்.

நிகோலாய் கோகலின் கதையில் ஓர் அதிகாரியின் மூக்கு காணாமல்போய், அவரைவிட உயர்ந்த பதவிச் சீருடையில் பீட்டர்ஸ்பர்க்கை வலம் வருகிறது. மூக்கு கோகலின் சொந்தச் சரக்கல்ல. லாரன்ஸ் ஸ்டெர்னின் ஆங்கில நாவல் ரஷ்ய மொழிக்கு வந்ததிலிருந்தே அங்கே மூக்கு நகைச்சுவைகள் பெருகிக் கிடந்தன. மாஸ்கோ பத்திரிகை ஒன்று கதையை மட்டரகம் என்று திருப்பிவிட, 1836இல் புஷ்கின் தன் இதழில் வெளியிட்டார். தணிக்கைக்காரருக்கு மூக்கு ஊர் சுற்றுவதில் ஆட்சேபணை இல்லை, தேவாலயத்துக்குள் போவதில்தான். காட்சி கடைவளாகத்துக்கு இடம்பெயர்ந்தது.

1915இல் பிராக் நகரத்துக் காப்பீட்டு அலுவலர் ஃபிரன்ஸ் காஃப்காவின், மனிதன் ஒருவன் பூச்சியாகிவிடும் 'உருமாற்றம்' அச்சேறியது. அட்டையில் பூச்சியை வரையவே கூடாது என்று பதிப்பகத்துக்கு எழுதினார். இன்றுவரை எத்தனை அட்டைகளில் அது ஊர்கிறதோ! தன் கையெழுத்துப் பிரதிகளை எரிக்கச் சொன்னதையும் நண்பர் மாக்ஸ் பிராட் கேட்கவில்லை. 1939இல் ஜெர்மானியப் படை பிராகுக்குள் நுழையும் தறுவாயில், அவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறினார்.

இன்னொரு பெட்டி லெனின்கிராடில். ஜன்னலிலிருந்து கிழவிகள் ஒருவர் பின் ஒருவராக விழும் குட்டிக் கதையை எழுதிய டேனியில் கார்ம்ஸ், 1942இல் சிறை மருத்துவமனையில் இறந்தார். ஜெர்மானிய முற்றுகையின் பசிக்கிடையே நண்பர் யாகோவ் ட்ருஸ்கின், குண்டுவீச்சில் சேதமடைந்த வீட்டிலிருந்து அவர் எழுத்துகளை மீட்டுவந்தார்.

அதே ஆண்டு ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் காம்யுவின் நூல் வந்தது, காஃப்கா பற்றிய பகுதி இல்லாமலே. காஃப்கா யூதர் என்பதுதான் காரணம். 'விசாரணை' எழுதியவருக்கே விசாரணையில்லாத தண்டனை! போருக்குப் பிறகுதான் அந்தக் கட்டுரை பிற்சேர்க்கையாக உள்ளே வந்தது.

காஃப்கா இதற்குள் அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தார். 1925இல் மாட்ரிட் இதழொன்றில் பெயரில்லாமல் வந்த 'உருமாற்ற'த்தின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு, 1938இல் புவனஸ் அயர்ஸில் போர்ஹெஸ் பெயரில் புத்தகமானது. அது தன்னுடையதல்ல என்று போர்ஹெஸே பிற்பாடு சொன்னார். அந்தப் பொய்ப்பெயர்ப் பதிப்புதான் 1947இல் பொகோட்டா விடுதி ஒன்றில் சட்டம் படிக்கும் இளைஞன் கைக்குப் போயிற்று. இப்படியெல்லாம் எழுதலாமா என்று முதல் வரியே அவனைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த செப்டம்பரிலேயே காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் முதல் சிறுகதை செய்தித்தாளில் வந்தது: சவப்பெட்டிக்குள் ஒரு பையன் ஆண்டுக்கணக்கில் வளர்கிறான், தாய் அவனை அளந்துகொண்டே இருக்கிறாள்.