வெயில் நாட்டிலும் வைட்டமின் டி குறை: திருப்பதியில் ஆராய்ந்து காட்டிய டாக்டர் ஹரிநாராயண்

"வெயிலில் உழைக்கிறவர்களுக்கு எலும்பில் குறை வராது." தோட்டத்திலும் பட்டணத்திலும் பலர் நம்பும் பேச்சு இது. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். வைட்டமின் டி குறை குளிர்நாட்டு நோய், ஆண்டு முழுவதும் சூரியன் காயும் தென்னிந்தியாவில் அதற்கு இடமில்லை என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கை ரத்தப் பரிசோதனை மூலம் சரிபார்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சி. வி. ஹரிநாராயண். ஹார்மோன் சுரப்பிகளுக்கான மருத்துவ நிபுணரான இவர், திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் பணியாற்றியபோது செய்த ஆய்வுகள் தென்னிந்தியர்களின் எலும்பு நலம் பற்றிய பார்வையையே மாற்றின. பாடாங் மேஹா, பாடாங் செராய், கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஆய்வு நெருக்கமானது. தோலின் நிறம், சோற்றை முதன்மையாகக் கொண்ட சாப்பாடு, உடுத்தும் முறை ஆகியவற்றில் இங்குள்ளவர்களுக்கும் திருப்பதி மக்களுக்கும் ஒற்றுமை அதிகம்.

வைட்டமின் டி செய்யும் வேலை

தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் பட்டதும் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். பின்னர் கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்து முழுச் செயல் பெறும். சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவுவது இதன் தலையாய வேலை.

இந்த வைட்டமின் குறைந்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். அப்போது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கூடுதல் ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்வதைப் போன்றது இது. நாளடைவில் எலும்பு வலுவிழக்கும்.

வளரும் பிள்ளைகளுக்கு இதனால் கால் வளையும். இதற்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகிவிடும். அது ஆஸ்டியோமலேசியா. வயதானவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறிவது ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை. மக்கள் இவை அனைத்தையும் "எலும்புத் தேய்மானம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இவை வெவ்வேறு நோய்கள். இவற்றில் வைட்டமின் டி குறையால் வரும் ஆஸ்டியோமலேசியா மருந்தால் குணமாகக்கூடியது. அதனால்தான் அதைச் சரியாகக் கண்டுபிடிப்பது முக்கியம்.

2007 ஆய்வு சொன்னது

ஹரிநாராயண் குழுவினரின் பெரிய ஆய்வு 2007-இல் அமெரிக்க மருத்துவச் சத்துணவு இதழில் வெளிவந்தது. திருப்பதி வட்டாரத்தில் நகரத்தைச் சேர்ந்த 943 பேரையும் கிராமத்தைச் சேர்ந்த 205 பேரையும் ஆராய்ந்தார்கள். இவர்கள் நோயாளிகள் அல்லர், நலமாக நடமாடும் மக்கள்.

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறை என்று அளவு வைத்துக்கொண்டார்கள். நகரத்து ஆண்களில் 62 விழுக்காட்டினருக்கும் நகரத்துப் பெண்களில் 75 விழுக்காட்டினருக்கும் பற்றாக்குறை இருந்தது. கிராமத்து ஆண்களில் அது 44 விழுக்காடு. கிராமத்துப் பெண்களில் 70 விழுக்காடு.

கிராமத்து ஆண்கள் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்ததற்கு வெயில் ஒரு காரணம். ஆனால் அதே கிராமத்தில் வாழும் பெண்களின் நிலை ஏறக்குறைய நகரத்துப் பெண்களைப் போலவே இருந்தது. வெயில் நாட்டில் வாழ்வதும் வெயில் தோலில் படுவதும் ஒன்றல்ல. சேலையும் ரவிக்கையும் உடலின் பெரும்பகுதியை மூடிவிடுகின்றன. கருமையான தோலில் உள்ள மெலனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதால், அதே அளவு வைட்டமினுக்கு வெளிறிய தோலைவிட அதிக நேரம் வெயில் தேவைப்படும்.

சோற்றிலும் ஒரு காரணம்

ஆய்வு சாப்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. மக்கள் சாப்பிடும் கால்சியம் குறைவாகவும், தானியங்களில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதிகமாகவும் இருந்தன. பைட்டேட் குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடும்.

கால்சியம் குறைந்தால் வைட்டமின் டி-யும் வேகமாகத் தீர்ந்துபோகும். கால்சியத்தை எப்படியாவது உறிஞ்ச வேண்டும் என்று உடல் கையிருப்பு வைட்டமினைச் செலவழிப்பதே காரணம். அதனால் வெயில் மட்டும் போதாது, தட்டிலும் கால்சியம் இருக்க வேண்டும் என்பது இந்த ஆய்வின் பெரிய பாடம்.

குப்பியில் பிடித்த வெயில்

எந்த நேர வெயில் பயன் தரும்? இதை அறிய ஹரிநாராயணும், வைட்டமின் டி ஆய்வில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் ஹோலிக்கும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. தோலில் இருக்கும் அதே 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலைச் சிறு குப்பிகளில் அடைத்து, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கொன்றாக வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் வைட்டமின் உருவாக்கம் உச்சத்தில் இருந்தது.

இதை மலேசிய நேரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. திருப்பதியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் ஏறத்தாழ 12.15 மணிக்கு. கெடாவில் அது ஏறத்தாழ 1.15 மணிக்கு. ஆகவே திருப்பதியின் 11 முதல் 2 மணி என்பது இங்கே ஏறக்குறைய 12 முதல் 3 மணி. கெடா நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருப்பதால் வெயிலின் வலுவுக்குக் குறையில்லை. ஆனால் காலை 8 மணி இளவெயிலில் நடப்பது உடலுக்கு நல்லது என்றாலும், வைட்டமின் டி-க்கு அதிகம் உதவாது.

பால்மரம் வெட்டும் வேலையை இதனுடன் பொருத்திப் பார்க்கலாம். விடியுமுன் இருட்டில் தொடங்கி, கொசுக்கடிக்காக நீளக்கைச் சட்டையும் தலைத்துணியும் அணிந்து, மர நிழலில் செய்து, உச்சி வெயிலுக்கு முன்பே முடித்துவிடும் வேலை அது. வாழ்நாள் முழுவதும் வெளியில் உழைத்த ஒருவருக்கு வைட்டமின் டி போதாமல் போவதில் வியப்பில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குகிறவருக்கு அந்த நேர வெயிலே கிடைப்பதில்லை. ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடுவதால் கண்ணாடிக்குள் அமர்ந்து வெயில் காய்வதும் பயன் தராது.

நீரில் வந்த நோய்

ஹரிநாராயணின் ஆய்வு வைட்டமினோடு நிற்கவில்லை. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவதைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் 2006-இல் எழுதினார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த எலும்பு நோய் இருப்பதை மருத்துவர்கள் 1937-லேயே பதிவு செய்திருந்தார்கள். ஒரே மாதிரியான எலும்பு வலிக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

மற்ற ஆய்வுகள்

டில்லியில் டாக்டர் ரவீந்தர் கோஸ்வாமி குழுவினர் 123 பேரை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட முடிவும் இதே திசையைக் காட்டியது. நன்றாகச் சாப்பிட்டு வெயிலில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களைவிட மற்றவர்களின் அளவு குறைவாக இருந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 பெண்களில் 48 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் எலும்புப்புரை காணப்பட்டது.

மலேசியாவில் மாதவிடாய் நின்ற 276 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மலாய்ப் பெண்களின் சராசரி அளவு ஒரு லிட்டருக்கு 44.4 நானோமோல், சீனப் பெண்களின் சராசரி 68.8. இந்தியப் பெண்கள் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை. நம் பெண்களுக்குத் திருப்பதி, வேலூர் முடிவுகள் பொருள் உள்ளவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிசோதனைத் தாளைப் படிக்கும்போது அலகைக் கவனிக்க வேண்டும். 20 நானோகிராமும் 50 நானோமோலும் ஒரே அளவுதான். அதை 20 என்று எண்ணிப் பயப்படவும் வேண்டாம், 50 என்று எண்ணி மகிழவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இடுப்பு, தொடை, முதுகு எலும்பில் விடாத வலி, குந்தியிருந்து எழச் சிரமம், படி ஏறத் தடுமாற்றம், ஆடி ஆடி நடப்பது ஆகியவை ஆஸ்டியோமலேசியாவின் அறிகுறிகளாக இருக்கலாம். "வயசாகிவிட்டது", "வாயு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. இந்த அறிகுறிகள் இருந்தால் கிளினிக்கில் அதைச் சொல்லி, கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம். காரணம் தெரிந்தால் சிகிச்சை உண்டு.

மலேசியச் சத்துணவுப் பரிந்துரையின்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 யூனிட் வைட்டமின் டி தேவை. முதியவர்களுக்கு 20 மைக்ரோகிராம். டின் சாடின், மற்ற கொழுப்பு மீன்கள், முட்டையின் மஞ்சள் கரு, வைட்டமின் சேர்த்த பால் ஆகியவற்றில் இது உண்டு. கால்சியத்துக்கு எலும்போடு சாப்பிடும் நெத்திலி, பால், தயிர், தவ்பூ, முருங்கைக்கீரை, கேழ்வரகு ஆகியவை நல்லவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். மாவைப் புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். கேழ்வரகுத் தோசை இந்த வகையில் நல்ல பசியாறல்.

மாத்திரை எல்லாருக்கும் தேவையில்லை

எல்லாரும் மாத்திரை வாங்க வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், குறை உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்காமல் பொதுவாக எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தபோது எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் தெரியவந்தது. நலமாக உள்ளவர்கள் வழக்கமாக ரத்த அளவைப் பார்க்கத் தேவையில்லை என்று அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கமும் 2024-இல் அறிவுறுத்தியது. அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வீடு தேடி வரும் நேரடி விற்பனை மாத்திரைகளை வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஆனால் குறை உறுதியானவர்களுக்கு, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்து பல ஆண்டு வலியைச் சில மாதங்களில் குறைக்கக்கூடும்.