சான்றோர்

'சால்' என்னும் வினையடியிலிருந்து வந்த சொல் இது. சாலுதல் என்றால் நிறைதல், போதியதாதல். 'மிக' என்று பொருள்படும் 'சால', நிறைவான பண்பைக் குறிக்கும் 'சால்பு' ஆகியவையும் இவ்வடியில் பிறந்தவையே. 'போதும்' என்பதற்குத் தெலுங்கர் சொல்லும் 'சாலு' இதன் உறவுச்சொல்.

சங்கப் பாடல்களில் இச்சொல் போர்வீரரையும் சுட்டும். பொன்முடியார் பாடிய புறநானூறு 312ஆம் பாடலில் வரும் 'சான்றோன்' என்பதற்கு வீரன் என்றே அறிஞர் பலர் பொருள் கொள்வர். திருக்குறளின் 99ஆம் அதிகாரமான சான்றாண்மையோ அன்பு, நாணம், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்தையும் சால்பைத் தாங்கும் தூண்களாக வைக்கிறது. அவற்றுள் வீரமும் இல்லை, கல்வியும் இல்லை. இன்று பட்டம் பெற்றவரையெல்லாம் சான்றோர் என்கிறோம். குணம் நிறைந்தவருக்கே அப்பெயர் பொருந்தும்.