லீம்பண்: பூசும் கையின் பெயர்

கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் ‘லிப்பன் ஆர்ட்’ என்ற பெயரில் ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே வட்டமாக அறுத்த எம்.டி.எஃப். பலகை, சூளையில்லாமல் காற்றிலேயே காய்ந்து இறுகும் களிமண், சின்னச் சின்னக் கண்ணாடி வில்லைகள், பசை, சில சமயம் கொஞ்சம் ஜிகினாப் பொடி. களிமண்ணைக் கயிறுபோல உருட்டிப் பலகையில் ஒட்டி, அதன் வளைவுகளுக்கு நடுவே கண்ணாடி பதித்து, காய்ந்த பிறகு வண்ணம் தீட்டிச் சுவரில் மாட்டுகிறார்கள். பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பது கண்ணாடி என்பதால், ‘லிப்பன்’ என்றாலே கண்ணாடி வேலை என்ற எண்ணம் பலரிடம் படிந்துவிட்டது. களிமண்ணே இல்லாமல், வரைந்த கோலத்தின்மேல் வில்லைகளை மட்டும் ஒட்டிய பலகைகளுக்கும் இப்போது அதே பெயர்தான். இதற்கு நேர் எதிராக, குஜராத்தின் கட்ச் பகுதியில் சேறும் சாணமும் குழைத்து வீட்டுச் சுவரில் செய்வது மட்டுமே லிப்பன், கடைக் களிமண்ணில் செய்வதெல்லாம் போலி என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கட்சியுமே சொல்லுக்குள் போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சொல்லில் கண்ணாடி இல்லை. இன்ன மண் என்ற வரையறையும் இல்லை. ஈரக் குழைவைக் கையால் அப்பிப் பரத்தும் செயல்தான் அதில் இருக்கிறது. லிப்பன் எது, எது இல்லை என்பதை அந்தச் செயலைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உருவத்தைப் பார்ப்போம். ‘லிப்பன்’ என்பது ஆங்கில எழுத்து வழியாகத் தமிழுக்கு வந்த வடிவம். குஜராத்தியில் அது ‘லீம்பண்’: முதலெழுத்து நெடில், நடுவில் மகரம், முடிவில் டண்ணகரம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இந்த மூன்றும் தேய்ந்துபோயின. தேய்ந்தவற்றில் மகரம்தான் நமக்கு முக்கியம். ‘லிப்’ என்ற சமஸ்கிருத வேருக்குப் பூசு, தடவு, ஒட்டவை என்று பொருள். அதிலிருந்து நேராக வந்த பெயர் ‘லேபனம்’; சந்தன லேபனம் என்று நாமும் சொல்கிறோம். இந்தப் பெயரில் மகரம் கிடையாது. ஆனால் அதே வேர் வினையாக நடக்கும்போது ‘லிம்பதி’, பூசுகிறான், என்று மகரம் ஏற்கிறது. மராத்தியின் ‘லிம்ப்ணே’, குஜராத்தியின் ‘லீம்ப்வும்’ ஆகிய வினைகள் அந்த வழியில் வந்தவை. மகரமுள்ள ‘லீம்பண்’ என்ற பெயர், பழைய ‘லேபனம்’ திரிந்து வந்ததன்று என்பது இதனால் தெரிகிறது. சுவர் பூசும் மக்கள் அன்றாடம் வழங்கிய வினையிலிருந்து குஜராத்தி தானே ஆக்கிக்கொண்ட பெயர் அது. ‘டாங்க்வும்’, மூடு, என்ற வினையிலிருந்து ‘டாங்கண்’, மூடி, பிறந்ததும் இதே முறையில்தான். இவ்வகைப் பெயர்கள் செயலையும் குறிக்கும், அச்செயலால் அமையும் பொருளையும் குறிக்கும். தமிழில் ‘பூச்சு’ அப்படிப்பட்ட சொல்: பூசும் வேலையும் பூச்சுதான், பூசப்பட்டு நிற்கும் படலமும் பூச்சுதான். லீம்பணுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இணையை நான் காணவில்லை. இன்னொரு இணை ‘மெழுகுதல்’. சாணமிட்டுத் தரையை மெழுகும் வேலையைக் குஜராத்தில் ‘லீம்ப்வும்’ என்றுதான் சொல்வார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘லிபி’ என்ற சொல்லும் அந்த ‘லிப்’ வேரிலிருந்துதானே வந்தது, எழுத்து என்றால் கோடு, கோடு என்றால் வரைவு, ஆகவே அவ்வேரில் தொடக்கத்திலேயே அலங்காரப் பொருளும் இருந்திருக்க வேண்டும் என்பது அது. பூசுவதைவிட வரைவதே லிப்பனின் உயிர் என்று நிறுவ இது வசதியான வாதம். ஆனால் லிபியின் வரலாறு வேறு. வடமேற்கே ஷாபாஸ்கடியிலும் மான்சேராவிலும் உள்ள அசோகரின் பாறைச் சாசனங்களில் அச்சொல் ‘திபி’ என்று தகரத்தில் நிற்கிறது. மற்ற இடங்களில் ‘லிபி’. வடமேற்கு வடிவம்தான் மூத்தது. பாரசீகப் பேரரசர்களின் கல்வெட்டுகளில் சாசனத்துக்குப் பெயர் ‘திபி’. அது ஈலமிய மொழியிலிருந்தும், அங்கே அக்காடிய ‘துப்பு’விலிருந்தும், அதற்கும் முன்னால் சுமேரியரின் ‘துப்’ என்ற சொல்லிலிருந்தும் வந்தது என்பதே அறிஞர்கள் பெரிதும் ஏற்றுக்கொண்ட வழி. இந்தியாவுக்குள் வந்தபின், பூசுதல் என்ற வேரின் ஒலிச்சாயல் ஏறித் தகரம் லகரமாயிற்று. ஆக, லிபியைச் சாட்சிக்கு அழைத்து லீம்பணுக்கு அலங்காரப் பொருள் தேட முடியாது. இரண்டும் உடன்பிறப்புகள் அல்ல. இதில் மனதைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. சுமேரிய ‘துப்’ என்பதற்குப் பொருள் களிமண் பலகை. ஈரக் களிமண்ணைக் கையில் அடங்கும் பலகையாகத் தட்டி, நாணல் முனையால் அழுத்தி எழுதி, பெரும்பாலும் சுடாமல் அப்படியே காயவிட்ட பலகை. காற்றில் காய்ந்த களிமண்தான் மனிதர் எழுதிய மிகப் பழைய பரப்புகளில் ஒன்று. சுடாத மண்ணைக் கீழாக நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இனிப் பொருளுக்கு வருவோம். கட்சின் வடக்கே பன்னிப் புல்வெளியிலும் அதை ஒட்டிய வறண்ட ஊர்களிலும் ‘புங்கா’ எனப்படும் வட்ட வீடுகள் உண்டு. தடித்த மண்சுவர், கூம்புக் கூரை, சிறிய சன்னல்கள். 2001 ஜனவரி 26 அன்று கட்சைச் சிதைத்த நிலநடுக்கத்தில் முறையாகக் கட்டிய புங்காக்கள் பல தாங்கி நின்றதால் பொறியாளர்களின் கவனமும் அவற்றின்மேல் திரும்பியது. இந்த வீடுகளின் சுவரைப் பூசுகிறவர்கள் பெண்கள். சலித்த மண்ணோடு ஒட்டகம், கழுதை போன்றவற்றின் சாணத்தைக் கலந்து பிசைகிறார்கள். இந்தக் கலவைக்குக் காரணம் சடங்கு அல்ல. களிமண் காயும்போது நீர் வெளியேறிச் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். புல் தின்னும் விலங்கின் சாணத்தில் இருக்கும் செரிக்காத நார், மண்ணைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து வெடிப்பைத் தடுக்கிறது. பூசிய சுவர் ஈரமாக இருக்கும்போதே அதே குழைவைக் கையால் கயிறாக உருட்டி அதன்மேல் ஒட்டுகிறார்கள். மயில், ஒட்டகம், மரம், மோர் கடையும் பெண் என்று உருவங்கள் புடைத்து எழுகின்றன. ரபாரி, மேக்வால் வீடுகளில் இவற்றைக் காணலாம். இஸ்லாமியரான முத்வா சமூகத்தார் உயிருருவங்களைத் தவிர்த்து வட்டமும் சாய்சதுரமும் பின்னிய கோலங்களில் தேர்ந்தவர்கள். கண்ணாடித் துண்டு கடைசியில் வருகிறது. அதை ஈர மண்ணில் அழுத்தி, விளிம்பை மண்ணாலேயே கவ்வச் செய்கிறார்கள். சன்னல் சிறுத்த வீட்டில் விளக்கின் ஒளியை அது பல மடங்காக்கித் தருகிறது. இந்த வரிசையில் பூச்சு எங்கே முடிகிறது, அலங்காரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. கையும் குழைவும் ஈரமும் முதலிலிருந்து முடிவுவரை மாறுவதே இல்லை.

மினுமினுப்புக்கு அந்த மக்களிடம் தனிச் சொல் இருக்கிறது: ‘ஆப்லா’. துணியில் தைக்கும் கண்ணாடிக்கும் சுவரில் பதிக்கும் கண்ணாடிக்கும் அதுவே பெயர். குஜராத்தியில் ‘ஆப்’ என்றால் வானம். அதன் குறுமை வடிவமாக இதைக் கொள்ளலாம். கண்ணாடி மலிவாகக் கிடைப்பதற்கு முன் அங்கே மின்னுபொருளாக வழங்கியது அப்பிரகம் என்பதால், அப்பிரகத்திலிருந்து வந்த பெயராகவும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் மூலம் ஒன்றே. மேகத்தையும் வானத்தையும் குறிக்கும் ‘அப்ர’ என்ற சமஸ்கிருதச் சொல். ஏடு ஏடாக உரிந்து ஒளிரும் அந்தக் கனிமத்தைப் பார்த்த சீனர்களுக்கும் மேகமே நினைவுக்கு வந்தது. அவர்கள் வைத்த பெயர் ‘மேகத்தின் தாய்’. நம் பக்கத்து மொழிகளின் பார்வை வேறு. தமிழில் காக்காய்ப்பொன், மலையாளத்தில் காக்கப்பொன்னு, தெலுங்கில் காகி பங்காரம், கன்னடத்தில் காகெ பங்கார. நான்கு மொழிகளும் இதைக் காக்கையின் தங்கம் என்கின்றன. ஜெர்மானியர் இதைப் பூனைத் தங்கம் என்று அழைத்ததும் இவ்வகைதான். உண்மைப் பொருளைப்போல் தோற்றமளித்து அதுவாக இல்லாததை ஒரு விலங்கின் பேரில் எழுதிவைப்பது தமிழில் ஊறிய வழக்கம். நரிவெங்காயமும் நாய்க்கடுகும் அப்படிப் பெயர் பெற்றவையே. காக்கை மின்னுவதைத் தூக்கிச் செல்வதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வதைவிட இந்த விளக்கமே எனக்கு ஏற்புடையது. பின்னாளில் கண்ணாடி வந்தது. குஜராத்தின் கபட்வஞ்ச் ஊர்க் கைவினைஞர்கள் கண்ணாடியை உருண்டையாக ஊதி, உட்புறம் பூசி, உடைத்துத் துண்டாக்கினார்கள். அத்துண்டுகள் லேசாகக் குவிந்திருப்பதால் எந்தப் பக்கத்து ஒளியையும் பிடிக்கும். இன்றைய பெட்டியில் வரும் ஜிகினாப் பொடி பெரும்பாலும் அலுமினியம் படிந்த பாலியெஸ்டர் தாளின் பொடி. உதிரியாக விற்கும் இந்தப் பிளாஸ்டிக் ஜிகினாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை விதித்த பிறகு, அப்பிரகப் பொடியின் பக்கம் பலரும் திரும்புகிறார்கள். ஜார்க்கண்ட், பிகார் சுரங்கங்களில் அதைக் குழந்தைகள் பொறுக்கும் கொடுமை தீராதவரை அதையும் நிம்மதியாகப் பயன்படுத்த முடியாது. நான் சொல்ல வருவது இதுதான்: மின்னுபொருள் அப்பிரகம், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது, மாறியபோதெல்லாம் லீம்பண் என்ற சொல் அசையவில்லை. அது மின்னுபொருளின் பெயராக ஒருநாளும் இருந்ததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கட்சின் மரபைக் காக்க விரும்புகிறவர்களின் மறுப்பு இதைவிட வலுவானது. வெறும் மெழுகலுக்குத்தான் லீம்பண் என்று பெயர், அலங்காரப் புடைப்புக்குச் ‘சித்தர் காம்’ என்ற தனிப்பெயர் இருக்கிறது என்பது அவர்கள் காட்டும் முதல் சான்று. உண்மைதான்; ‘சித்தர்’ என்பது சித்திரம் என்ற சொல்லின் திரிபு. ஆனால் ‘லீம்பண் காம்’, பூச்சு வேலை, என்றும் அங்கே வழங்குகிறது. ஒரே சுவரை, வரைவாகக் கண்டு ஒரு பெயரும் செய்முறையாகக் கண்டு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வெளியே பரவியது செய்முறைப் பெயர். அப்படியானால் செய்முறையைத்தான் அளவுகோலாக்க வேண்டும். சாணமில்லாத களிமண் செல்லாது என்பது இரண்டாவது சான்று. காற்றில் காயும் கடைக் களிமண்ணில் காகித நாரோ வேறு நாரோ இருக்கும், பிணைப்புக்குப் பசையோ மாவுப்பொருளோ இருக்கும். நீர் ஆவியாகப் போய்த்தான் அது இறுகுகிறது. சுருக்கமும் வெடிப்பும் அதற்கும் உண்டு. நார் செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. சுமார் 600 பாகைக்கு மேல் சுட்ட மண் திரும்பவும் சேறாகாது. சாணக் குழைவும் கடைக் களிமண்ணும் சுடாத மண்ணின் இனம். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மக்கு வைத்து, புடைத்த இடத்தில் கல் பதித்துத் தங்கத்தாள் ஒட்டுகிறார்களே, அதுவும் தீயைத் தொடாத வேலைதான். அங்கே பசையின் சேர்மானம் ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் மக்கு மக்காகவே இருக்கிறது. இரண்டு பொதிகளைச் சேர்த்துப் பிசையும் எப்பாக்சிக் களிமண் இந்த இனத்தில் சேராது. அது காய்வதில்லை, வேதிவினையால் கெட்டியாகிறது. அதையும்கூடக் கையால் உருட்டி அப்புகிறவரை நான் விலக்க மாட்டேன், ஏனென்றால் சொல் கேட்பது கையை.

சுவரை விட்டுப் பலகைக்கு வந்ததில் இழப்பு இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. மண்சுவரின் பூச்சு கரையும், உதிரும். அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சிலும் கோலம் சற்றே மாறும், மகள் தாயிடம் கற்றுக்கொள்வாள். வண்ணமடித்து வார்னிஷ் பூசிய பலகைக்கு அந்த மறுபூச்சு இல்லை. சொல் சுமந்திருந்த தொடர்ச்சி அங்கே அறுந்துபோகிறது. இருந்தாலும், ஒரு முறையேனும் ஈர மண்ணை உருட்டி ஒட்டியவர் அந்தச் சொல்லின் பாதியையாவது கையில் பெற்றிருக்கிறார். வில்லைகளை மட்டும் ஒட்டியவருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

வழக்கில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் இருக்கிறதோ அதுதானே அதன் பொருள், பழைய வினையைத் தோண்டுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். பொதுவில் அது சரியான கேள்வி. சொற்கள் பொருள் மாறுவதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் கைத்தொழிலின் பெயர், வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதையும் சொல்கிறது. இந்த வேலையில் நேரத்தைத் தின்பது கண்ணாடி ஒட்டுவதன்று. கயிற்றை ஒரே தடிமனில் உருட்டுவது, காய்வதற்குள் வளைப்பது, ஓரம் தூக்காமல் அழுத்துவது, வெடித்த இடத்தை ஈரம் தொட்டு மெழுகுவது ஆகியவைதான். பெயரிலிருந்து பூச்சு கழன்றுவிட்டால் இந்த நேரத்துக்கு விலை கேட்க முடியாது. அச்சுக் கோலத்தில் கண்ணாடி ஒட்டிய பலகையின் விலைதான் கட்சின் லூடியா ஊர்ப் பெண் செய்த புடைப்புக்கும் வந்து சேரும். ‘லிப்பன்’ என்ற எழுத்துக்கூட்டலைத் திருத்தச் சொல்லி நான் மன்றாடவில்லை, அது நிலைத்துவிட்டது. களிமண் இல்லாத பலகையை ‘ஆப்லா வேலை’ என்றோ ‘கண்ணாடி ஒட்டுவேலை’ என்றோ விற்கலாம், அதில் அதற்குக் குறைவு ஒன்றுமில்லை. களிமண் உள்ள பெட்டியின்மேல் ‘கையால் உருட்டிப் பூசுவதற்கு’ என்று ஒரு வரி அச்சிட்டால், வாங்குகிறவருக்கு அந்தப் பெயரின் பொருள் விளங்கிவிடும்.