செங்கடல் மீனும் குராசோ என்னும் பெயரும்

திணைக்கு நிலமும் கருப்பொருளும் வகுத்த மரபில் பயின்ற நமக்கு, ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து பிரித்துப் பெயரிடுவது விந்தையாகவே தோன்றும். ஆயினும் 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மீனியல் நூல்களில் அவ்வாறு பெயர்பெற்ற மீன்கள் உண்டு. டாம்செல் மீன்கள் என வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்த இரு மீன்களின் பெயர் வரலாற்றை இங்கே நோக்குவோம். ஒரு பெயர் கடற்கரையில் கேட்டு எழுதப்பட்டது. மற்றொன்று பெர்லின் நகரில் ஒரு மேசையின்மீது எழுதப்பட்டது.

முதலில் இக்குடும்பத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இதில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை உள்ளங்கையளவே ஆனவை. பவளப்பாறைகளை அண்டி வாழ்பவை. கடற்சாமந்தியின் கொடுக்கிழைகளுக்கிடையே வாழும் கோமாளி மீன்களும் இக்குடும்பத்தினவே. பெண்மீன் பாறையில் முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண்மீன் அவற்றைக் காக்கும். பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பின் ஒரு பாறையில் குடியேறும். குடியேறியபின் அவை தொலைவு செல்வதில்லை. ஆகவே ஓர் இனம் எக்கடலில் உண்டு, எக்கடலில் இல்லை என்பதைப் பெரிதும் முடிவுசெய்வது அந்தச் சில வாரப் பயணமே. நீரோட்டமும் நீரிணையும் நிலத்தடையும் அதற்கு எல்லை வகுக்கின்றன. இம்மீன்களின் பரவலை வரைந்தால் கடலின் பழைய வரலாறு தெரியவரும். ஆனால் அப்படத்திற்கு ஆதாரம் மீனோடு எழுதிவைத்த இடக்குறிப்பேயாகும்.

1761இல் டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரெடெரிக் அரேபியாவுக்கு அறுவர் கொண்ட ஆய்வுக்குழு ஒன்றை அனுப்பினார். அதில் இயற்கையியல் அறிஞராகச் சென்றவர் லின்னேயஸின் மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். செங்கடற்கரையில் அவர் மீன்களைச் சேகரித்து, தோலை உரித்து உலர்த்தி, செடிகளைத் தாளில் ஒட்டுவதைப் போல ஒட்டிவைத்தார். அத்தாள்களில் பல இன்றும் கோபன்ஹேகனில் உள்ளன. 1763 ஜூலையில் ஏமன் நாட்டின் யரீம் என்னும் ஊரில் மலேரியாவால் அவர் மாண்டார். அப்போது அவருக்கு வயது 31. அறுவருள் உயிருடன் மீண்டவர் கார்ஸ்டென் நீபூர் ஒருவரே. அவர்தாம் நண்பரின் குறிப்புகளை 1775இல் நூலாக வெளியிட்டார்.

அந்நூலில் ஒரு சிறப்பைக் காண்கிறோம். ஃபோர்ஸ்கோல் தாம் கேட்ட அரபுப் பெயர்கள் பலவற்றை அப்படியே அறிவியற் பெயர்களாக்கினார். போஹர், ஹாரக், கோபான் என்பன அவ்வாறு நிலைத்தவை. டாம்செல் மீன்களுள் ஒரு பேரினத்தின் பெயரான ‘அபுதெப்துப்’ என்பதும் அத்தகையதே. ‘அபு’ என்பது அரபியில் தந்தை. ஒரு தன்மையை உடையவன் என்னும் பொருளிலும் அது பெயர்முன் வரும். அவர் செங்கடலில் கண்ட மீன் ஹவாய்த் தீவுகள்வரை பரவியிருப்பது பின்னர்த் தெரியவந்தது. ஆனால் அவர் குறித்த இடம் தவறவில்லை.

பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளோக் வேறு வகையினர். வெப்பக் கடல்களை அவர் கண்டதில்லை. பிறர் அனுப்பியவற்றையும் விலைக்கு வாங்கியவற்றையும் கொண்டே பெருநூல் படைத்தார். நம் தரங்கம்பாடியிலிருந்தும் கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜான் என்னும் மறைப்பணியாளர் அவருக்கு மீன்களை அனுப்பினார். ஒரு மீன் இன்றும் ஜானின் பெயரைத் தாங்குகிறது. அனுப்பியவர் இடத்தைச் சரியாகச் சொன்னபோது பிளோக்கின் பதிவும் சரியாக அமைந்தது. 1787இல் அவர் ஒரு டாம்செல் மீனுக்குக் ‘குராசோ’ எனப் பெயரிட்டார். குராசோ கரீபியக் கடலின் தீவு. அம்மீனோ மலாய்த் தீவுகள் முதல் சமோவாவரை, மேற்குப் பசிபிக்கில் வாழ்வது. குராசோ, படேவியா ஆகிய இரு துறைமுகங்களும் அன்று டச்சுக்காரர் வசம் இருந்தன. வழியில் எங்கோ குறிப்பு மாறியிருக்கலாம் என ஊகிக்கலாம். முந்திய பெயரே நிலைக்கும் என்பது அறிவியல் விதி. எனவே தான் வாழாத தீவின் பெயரை அம்மீன் இன்றும் சுமக்கிறது.

இதனால் விளையும் கேடு என்ன என்று கேட்கலாம். அட்லாண்டிக்கில் வாழும் வரிமீன் ஒன்றை லின்னேயஸ் 1758இல் ‘சாக்ஸாட்டிலிஸ்’ என்றார். இந்துமாக்கடலிலும் பசிபிக்கிலும் வாழும் அதன் உறவினத்திற்கு, நியூகினியையடுத்த வைகியோ தீவின் பெயரால் 1825இல் ‘வைகியென்சிஸ்’ எனப் பெயரிட்டனர். தோற்ற ஒற்றுமையால் பின்னதையும் முன்னதன் பெயராலேயே நெடுங்காலம் பலர் எழுதினர். அப்பெயரை நம்பினால் ஒரே மீன் உலகின் வெப்பக் கடல்களிலெல்லாம் வாழ்வதாகிவிடும். அவற்றைப் பிரித்த நிலத்தடைகளின் கதை மறைந்துவிடும்.

செங்கடலுக்கு இது இன்னும் பொருந்தும். ‘கண்ணீர் வாயில்’ எனப் பொருள்படும் பாப் எல் மண்டப் என்னும் ஒடுங்கிய நீரிணையே இந்துமாக்கடலோடு அதற்குள்ள இயற்கையான வழி. சுமார் 20,000 ஆண்டுகளுக்குமுன் பனியூழியில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்தபோது அவ்வாயில் மேலும் குறுகியது. உள்ளே நீர் உப்பேறியது. இத்தகைய பிரிவினால் செங்கடல் மீனினங்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வேறெங்கும் காணப்படாதவையாக உள்ளன. 1830இல் ருப்பெல் விவரித்த இருபட்டைக் கோமாளி மீன் செங்கடலையும் அதையடுத்த ஏடன் வளைகுடாவையும் தன் எல்லையாகக் கொண்டது.

2023இல் நடுச் செங்கடலில் வீசிய வெப்ப அலையின்போது, ஆராயப்பட்ட பாறைத்திட்டுகளில் கடற்சாமந்திகள் வெளிறின. அவற்றை அண்டிவாழ்ந்த இக்கோமாளி மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. பெர்லினில் நேர்ந்த பெயர்ப்பிழையை, மீன் தன் கடலில் வாழ்ந்துகொண்டிருந்ததால் பிற்காலத்தார் கண்டறிந்தனர். ஃபோர்ஸ்கோல் உயிர்கொடுத்துச் சரியாக எழுதிவைத்த கடலிலோ, குறிப்பு இருக்க மீன் இல்லாமற் போகும் நிலை வந்துகொண்டிருக்கிறது. அந்நிலை வந்தபின் திருத்துவதற்கு எந்த நூலும் துணைசெய்யாது.