பேசாதவரைப் பேசவைத்த நாய்கள்

நாய் என்னும் சொல் நம் வழக்கில் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. தன்மேல் எறியப்பட்ட வேல் உடலிற் கிடக்கவும் வால் குழைக்கும் நாயை நல்ல நட்புக்கு உவமையாக்கிக் காட்டியது நாலடியார். ஆயினும் ஒருவரை இழித்துரைக்க வேண்டின் இன்றும் அவ்விலங்கின் பெயரே முதலில் நாவில் வருகின்றது. அத்தகைய விலங்கை மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்திற்கும் பள்ளி நூலகத்திற்கும் அழைத்துச் சென்று, மாந்தரின் மனத்தை ஆற்றும் பணியில் அமர்த்தியுள்ளனர் என்றால் கேட்போர் நகைக்கக்கூடும். மேலைநாட்டிலும் முதலில் நகைக்கவே செய்தனர். அந்த நகைப்பைக் கடந்து அப்பணி எவ்வாறு வேரூன்றியது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், இவ்வரலாற்றின் நடுவே நிற்பது வாய்திறவாத ஒரு குழந்தை. அத்தகைய குழந்தை ஒன்றேனும் இல்லாத வகுப்பறை நம் பள்ளிகளிலும் இல்லை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய் ஒரே ஒருவர்க்கு உரியது. சாலையைக் கடத்தல், தடையை உணர்த்தல் முதலிய தொழில்களைக் கற்றது. இங்குக் கூறப்படும் சிகிச்சை நாய்க்கு அத்தகைய தொழில் எதுவும் இல்லை. தன்னை வளர்ப்பவரோடு வந்து, பலருடன் அமைதியாக இருந்து, தொடுவோர் தொடவும் தடவுவோர் தடவவும் இடங்கொடுத்துத் திரும்புவதே அதன் வேலை.

நோயுற்றோர்க்கு விலங்கு துணையாகும் என்னும் எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-ஆம் ஆண்டு, குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த வில்லியம் டியூக் என்பார் மனநோயாளர்க்கென 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தைத் திறந்தார். மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்து வைப்பது வழக்கமாயிருந்த காலம் அது. டியூக்கின் இல்லமோ அன்பான நடத்தையையும் ஒழுங்கான வேலையையும் மருந்தாகக் கொண்டது. அவர் பேரர் சாமுவேல் டியூக் 1813-இல் வெளியிட்ட நூலில், இல்லத்து முற்றங்களில் முயல், கடற்பறவை, பருந்து, கோழி முதலியன வளர்க்கப்பட்டமையைக் குறித்துள்ளார். செவிலியர் பணிக்கு ஒளியூட்டிய புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையாரும், நெடுநாள் படுக்கையிற் கிடப்போர்க்குச் சிறு வளர்ப்பு விலங்கு சிறந்த தோழனாகும் என்று 1860-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த தம் செவிலியர் நூலில் எழுதினார். பின்னர், நோய்க்கு நுண்கிருமிகளே காரணம் என்னும் அறிவு வளர்ந்தது. மருத்துவமனைகள் தூய்மையை உயிராகக் கொண்டன. விலங்குகள் வாயிலுக்கு வெளியே நின்றன. அதனைக் குறையென்று கூறல் இயலாது. அத்தூய்மையால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றோர்.

அவ்வாயில் மீண்டும் திறந்தது போர்க்காலத்தில். 1944-இல் நியூகினித் தீவின் காட்டில், கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றிலிருந்து மிகச் சிறிய யார்க்சயர் டெரியர் நாய் ஒன்று மீட்கப்பட்டது. எடை நான்கு பவுண்டு அளவே. அமெரிக்க வானூர்திப் படையினர் வில்லியம் வின் அதனை விலைக்கு வாங்கி 'இசுமோக்கி' எனப் பெயரிட்டார். டெங்குக் காய்ச்சலால் வின் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டபோது நண்பர்கள் நாயை அங்கே கொண்டுவந்தனர். அம்மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த சார்லசு மேயோ என்னும் மருத்துவர், நாய் வின்னின் படுக்கையிலேயே உறங்கவும், செவிலியரோடு சென்று காயமுற்ற வீரர்களைக் காணவும் இசைந்தார். சிகிச்சை நாய்களுள் முதலாவது என இன்று பலரும் இசுமோக்கியையே குறிப்பிடுவர். ஆனால் அன்று அதனை எவரும் ஒரு முறையாகக் கருதவில்லை. போர்க்களத்தின் நல்ல கதைகளுள் ஒன்றாகவே கொண்டனர்.

முறையாகக் கருதிப் பார்த்தவர் போரிசு லெவின்சன். நியூயார்க்கில் எசீவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குழந்தை உளவியலறிஞர் அவர். 1950-களில் ஒரு நாள், தம் அறையில் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் சிங்கிள்சு அருகிற் படுத்திருந்தது. அன்று வரவேண்டிய சிறுவனொருவன், குறித்த நேரத்திற்கு ஒரு மணிக்கும் மேலாக முன்னதாகவே தாயுடன் வந்துவிட்டான். பிறரோடு ஒட்டாது தன்னுள்ளே ஒடுங்கிப்போன சிறுவன் அவன். பிறரிடம் நெடுநாள் சிகிச்சை பெற்றும் பயனில்லை. மருத்துவமனையிற் சேர்த்துவிடுமாறு கூறியிருந்தனர். எதிர்பாரா வேளையில் வந்தமையால் நாயை அப்புறப்படுத்த இயலவில்லை. அது ஓடிச்சென்று சிறுவனை நக்கிற்று. அவன் அஞ்சவில்லை, அதனை அணைத்துக்கொண்டான். தாய் விலக்க முயன்றாள். லெவின்சனோ விட்டுவிடுமாறு குறிப்புக் காட்டினார். மீண்டும் வந்து நாயோடு விளையாடலாமா என்று புறப்படும்போது சிறுவன் கேட்டான்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே கருதத்தக்கது. அடுத்த பல அமர்வுகளிலும் அவன் நாயோடுதான் விளையாடினான். லெவின்சன் அறையில் இருப்பதையே அவன் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவரும் அவசரப்படவில்லை. நாயிடம் கொண்ட அன்பு சிறிது சிறிதாக அவரையும் தழுவிக்கொண்டது. பின்னரே உண்மையான சிகிச்சை தொடங்கியது. நாய் நோயைத் தீர்த்தது என்று லெவின்சன் கூறவில்லை. கதவைத் திறந்தது நாய். உள்ளே சென்று பணி செய்தவர் அவர். இவ்வேறுபாட்டைப் பின்வந்தோர் பலர் மறந்துவிட்டனர் என்பது என் கருத்து.

1961-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தார். அவையோரிற் சிலர் நகைத்தனர்; கட்டணத்தில் நாய்க்கு எத்தனை விழுக்காடு எனவும் வினவினராம். அவர் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே, நாயைத் 'துணை மருத்துவன்' எனக் குறிக்கும் தலைப்பில் கட்டுரை வெளியிட்டார். 1969-இல் நூலொன்றையும் எழுதினார். உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய பிராய்டும், 1930-களில் யோஃபி என்னும் தம் நாயை, நோயாளரோடு பேசும் அறையில் வைத்திருந்தார் என்னும் செய்தி பின்னர்ப் பரவவே, நகைத்தோர் சிலரேனும் வாயடங்கினர். பெரியவர் செய்தார் என்றதும் அடங்கும் நகைப்பு அறிவாராய்ச்சியின்பாற் பட்டதன்று!

குழந்தையிடமிருந்து முதியோரிடம் இம்முறையைக் கொண்டு சென்றவர்கள் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாமுவேல் கோர்சன், எலிசபெத் கோர்சன் இணையர். அவர்கள் நாய்களை வளர்த்தது வேறு ஆய்வுக்காக. உளநோய் மருத்துவமனையில் இருந்த இளம் நோயாளர் சிலர், நாய்கள் குரைக்கும் ஒலியைக் கேட்டு, அவற்றைக் காணவேண்டும் என்றனர். அதுவரை எவரிடமும் பேசாதிருந்தவரும் அவர்களுள் இருந்தனர். பிற சிகிச்சைகளால் பயன்பெறாத 50 நோயாளர்க்கு நாய்களை அறிமுகம் செய்ததில், மூவர் மட்டுமே அவற்றை ஏற்கவில்லை என 1970-களில் கோர்சன் இணையர் அறிவித்தனர். நாயில்லாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டு நோக்கப்படாமையின், இவ்வெண்ணை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

எண்ணைக் காட்டிலும் உள்ளத்தைத் தொடுவது அவர்கள் முதியோர் இல்லத்திற் கண்ட ஒரு நிகழ்ச்சி. ஒகாயோவின் மில்லர்சுபர்க் என்னும் ஊரிலிருந்த இல்லமொன்றிற்கு நாய்களைக் கொண்டு சென்றனர். அங்கே 26 ஆண்டுகளாக வாழ்ந்த முதியவர் ஒருவரைச் செவிடர் என்றும் ஊமையர் என்றும் அனைவரும் எண்ணியிருந்தனர். நாயை அவர் முன் கொண்டுவந்தபோது அவர் வாய் திறந்து பேசினார். நாயைக் கொண்டுவந்துவிட்டீர்களே என்னும் பொருள்பட மகிழ்ந்து கூறினார். பின்னர்ப் பணியாளரிடமும் அந்நாயைப் பற்றிப் பேசலானார். அதன் படத்தையும் வரைந்தார். இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் எழுகின்றது. 26 ஆண்டுகள் அவரோடு எவரேனும் விடையை எதிர்பார்த்துப் பேசியிருந்தால்? ஊமையர் என்று முடிவு கட்டியபின் பேச்சுக்கொடுப்பார் யார்? நாய்க்கு மட்டும் அம்முடிவு தெரிந்திருக்கவில்லை.

இதன்பின் அமைப்புகள் தோன்றின. அமெரிக்கச் செவிலியர் எலேன் இசுமித் அம்மையார், இங்கிலாந்தில் பணியாற்றியபோது சமயகுரு ஒருவர் தம் நாயுடன் நோயாளரைக் காணவருவதைக் கண்டவர். 1976-இல் நியூசெர்சியில் அவர் சிகிச்சை நாய்களுக்கெனச் சங்கமொன்றை நிறுவினார். இங்கிலாந்திலும் 1983-இல் அத்தகைய அமைப்பு எழுந்தது. நாயின் இயல்பைத் தேர்ந்து பார்த்தல், தடுப்பூசி, வளர்ப்பவர்க்கு வழிகாட்டல் முதலிய ஒழுங்குகள் இவற்றால் வந்தன.

அறிவியலாரும் கருவிகளுடன் வந்தனர். எரிகா பிரீட்மன் அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு, இதயநோயால் மருத்துவமனையிற் சேர்ந்து மீண்ட 92 பேரை ஓராண்டு கழித்து நோக்கியது. வளர்ப்பு விலங்கு உடையோர் 53 பேரில் மூவர் இறந்திருந்தனர். இல்லாதோர் 39 பேரில் 11 பேர் இறந்திருந்தனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இம்முடிவையே தரவில்லை. ஆசிரியராகிய நமக்கு அதனினும் நெருக்கமானது 1983-இல் அதே அம்மையார் முதலானோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு. 9 முதல் 16 வயதுவரையுள்ள 38 பிள்ளைகள், அமைதியாக இருக்கும்போதும் உரக்கப் படிக்கும்போதும் அவர்களது இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. அறையில் இணக்கமான நாய் ஒன்று இருந்தபோது இரு நிலையிலும் அழுத்தம் குறைந்திருந்தது.

உரக்கப் படித்தல் பிள்ளையின் உடலையே தாக்கும் செயல் என்பதை அக்கருவி காட்டிவிட்டது. வாசிப்பு நேரத்தில் எழுந்து நின்று, நூலைப் பற்றிய விரல் நடுங்க, 'ழ'கரத்திற்கு முன்னால் நின்றுவிடும் பிள்ளையை நாம் அறிவோம். பின்வரிசையில் எழும் சிரிப்பையும் அறிவோம். அப்பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவைத்த மதிப்பேடுகள் எத்தனையோ.

1999-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில், விலங்குத் துணைச் சிகிச்சை அமைப்பொன்று பிள்ளைகளை நாய்க்குப் படித்துக்காட்டச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நகர நூலகத்திலும், அடுத்துப் பள்ளிகளிலும் அது நடந்தது. ஒரு பிள்ளை, ஒரு நாய், அதனை அழைத்து வந்தவர், ஒரு நூல். ஏறத்தாழ இருபது நிமிடம். நாய் திருத்துவதில்லை, சிரிப்பதில்லை, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளை ஒரு சொல்லில் இடறினால், உடனிருப்பவர் "இச்சொல் நாய்க்கு விளங்கவில்லை போலும், நீ விளக்குகிறாயா?" என்பார். தவறியவன் அந்நொடியே ஆசிரியனாகிவிடுகின்றான். கற்பித்தல் முறைகளைப் பற்றி யான் படித்தவற்றுள் இத்துணை எளிய உத்தி பிறிதில்லை. எனினும் அளவு கடந்து புகழ்தலும் தவறாகும். இத்தகைய 48 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2016-இல் வெளிவந்த மதிப்பீடு, பயன் உண்டெனத் தோன்றினும் ஆய்வுகளின் தரம் பெரும்பாலும் குறைவே எனக் கூறிற்று.

நம் வட்டாரத்திலும் இப்பணி நடைபெறாமலில்லை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சிங்கப்பூரில் சிகிச்சை நாய்களுக்கான தொண்டர் அமைப்பு உருவாகி, முதியோர் இல்லங்கட்கும் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் பள்ளிகட்கும் சென்று வந்தது. மலேசியாவில், உடற்குறையுடையோர்க்கும் முதியோர்க்கும் விலங்குத் துணையை நாடி 'பெட்பாசிட்டிவ்' என்னும் சங்கம் எழுந்தது. சக்கர நாற்காலியில் இயங்கும் அந்தோணி தனசாயன் அதனை முன்னின்று நடத்தினார்.

ஆயினும் மேலைநாட்டு முறையை இங்கு அப்படியே நட்டுவிட இயலாது. இசுலாமிய அன்பர்க்கு நாயைத் தொடுதலில் சமய வரையறை உண்டு. தெருநாய்க்கு அஞ்சி வளர்ந்த பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் மிகுதி. விலங்கின் மயிரால் மூச்சுத்திணறுவோரும் உளர். ஆகவே பள்ளியில் எண்ணுவதானால் பெற்றோர் ஒவ்வொருவரின் இசைவும் முன்னதாக வேண்டும். விரும்பாதோர்க்கு வேறு அறையும் வேறு வேலையும் இருத்தல் வேண்டும். நாயைத் தொட்டபின் கைகழுவ நீரும் சவர்க்காரமும் அருகில் வேண்டும். நாயின் நலனையும் எண்ணல் வேண்டும். கொட்டாவி விடுதலும் உதட்டை நக்குதலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலும் அது களைத்துவிட்டமைக்கு அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன், வரிசையில் இன்னும் பிள்ளைகள் காத்திருப்பினும், அழைத்து வந்தவர் அதனை வெளியே கொண்டுசென்றுவிடுவார்.