எமது கல்லூரி நூலகம்: நேற்றும் இன்றும்

எமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கல்லூரியின் கட்டிடங்களையும் விளையாட்டு வெற்றிகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பலரும் இம்மலரில் நினைவுகூருவர். நாங்கள் எழுத எடுத்துக்கொண்டது எமது நூலகத்தைப் பற்றி. யாழ்ப்பாணத்தின் வாசிப்பு வரலாற்றோடு சேர்த்தே அதனைச் சொல்லவேண்டும்.

1933 இல் க. மு. செல்லப்பா தமது வீட்டிலேயே ஓர் இலவச நூலகத்தை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியோரின் ஆதரவுடன் அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு வந்தது. அப்போது அங்கிருந்தவை 844 நூல்கள். 1959 இல் பொது நூலகத்தின் பெருங்கட்டிடம் திறக்கப்பட்டது. அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். நூல்கள் பாவனைக்கு உரியவை என்பதே அவர் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. 1981 ஜூன் முதலாம் திகதி அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன.

அப்போது நாங்கள் தவழும் குழந்தைகள். கரிபடிந்த சுவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். ஆகவே எங்கள் தலைமுறைக்குப் புத்தகம் என்றால் முதலில் கல்லூரி நூலகம்தான்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையோடு மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெயை அளந்து பாவித்தோம். பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தன. அந்நாட்களில் திங்கட்கிழமை ஒருத்தி எடுத்த புத்தகம் வெள்ளிக்கிழமைக்குள் நாலு பேரின் கைமாறிவிடும். ஜாம் போத்தல் விளக்கடியில் ஒருவர் வாசிக்க, வீட்டில் மற்றவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் அதை முன்னர் எடுத்த அக்காமாரின் பெயர்கள் இருந்தன. பலர் அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தனர். அவர்களின் பெயர்களுக்குக் கீழே எங்கள் பெயரை எழுதுவதே எங்களுக்குப் பெருமை.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. கையில் எடுத்துப்போனவை கொஞ்சம். எங்களில் சிலரின் புத்தகப் பைகளில் நூலகப் புத்தகங்களும் இருந்தன. தென்மராட்சியில் பிறர் வீட்டுத் திண்ணைகளில் அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். 1996 இல் ஊர் திரும்பியபோது நூலகத்தில் விட்டுப்போனவற்றுள் பல இல்லை. இரவல் போனவை திரும்பி வந்தன. பொறுப்பாசிரியை தண்டப்பணம் கேட்கவில்லை. புதிய திகதியைக் குத்தி, அடுத்த பிள்ளையிடம் கொடுத்தார்.

எங்களில் மருத்துவம் படித்தவர்களுக்கு அந்த வாசிப்பின் பயன் பின்னரே விளங்கியது. உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் கற்றுவிட்டு, மருத்துவ பீடத்தில் ஆங்கில விரிவுரைகளின் முன் உட்கார்ந்தபோது, நூலகத்து எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்களே கைகொடுத்தன. நோயாளி சுற்றிவளைத்துச் சொல்லும் கதையைக் குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையும் நாவல்கள் தந்ததுதான்.

இன்று நிலைமை வேறு. புலம்பெயர்ந்த சகோதரிகளின் உதவியால் நூலகத்துக்கு நல்ல தளபாடமும் கணினிகளும் கிடைத்துள்ளன. ஆனால் அண்மையில் போய்ப் பார்த்தபோது, புதிய புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிகளுக்குள் பூட்டியிருந்தன. பலவற்றின் திகதித் துண்டில் ஒரு முத்திரைகூட இல்லை. இதற்கு ஆசிரியைகளைக் குறைசொல்வது நியாயமன்று. இருப்பெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர் பொறுப்பாசிரியை. பூட்டினால் குறையாது. பிள்ளைகளோ ரியூசனுக்கும் கைத்தொலைபேசிக்கும் நடுவில் நிற்கிறார்கள். பூட்டிய அலுமாரியின் திறப்பைக் கேட்டு வாங்க அவர்களுக்கு நேரமும் இல்லை, துணிவும் இல்லை.

எனவே நூற்றாண்டில் எமது சங்கம் மூன்று காரியங்களைப் பொறுப்பேற்கலாம் என்று முன்மொழிகிறோம். தொலையும், கிழியும் புத்தகங்களை ஆண்டுதோறும் ஈடுசெய்ய ஒரு சிறு நிதி. அது இருந்தால் பொறுப்பாசிரியை அச்சமின்றி இரவல் கொடுக்கலாம். இரண்டாவது, நூலகப் பாடவேளையைக் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ விட்டுக்கொடுக்காதிருக்கும்படி அதிபரிடம் வேண்டுதல். மூன்றாவது, பெட்டி பெட்டியாக அனுப்புமுன் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டல். பழைய கல்லூரிச் சஞ்சிகைகளை வைத்திருப்போர், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலக நிறுவனத்துக்கும் அவற்றைக் கொடுத்துதவலாம்.

ஊருக்கு வரும்போது நூலகத்துக்குள் ஒருமுறை போங்கள். ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதன் கதையைப் பாதிவரை சொல்லுங்கள். மீதியை அவள் வாசிக்கட்டும். அந்தப் புத்தகம் மூலை மடிந்து, எண்ணெய்க்கறை படிந்து திரும்பி வந்தால் மகிழ்வோம்.