மூன்று நிருபர்கள் திரும்பிய திசை

2010ஆம் ஆண்டு வசந்தகாலம். சான்பிரான்சிஸ்கோவில் ட்விட்டர் நிறுவனத்தின் சிறு குழு ஒன்றின் தலையில் பெரிய வேலை விழுந்தது. யாரைப் பின்தொடரலாம் என்று ஒவ்வொருவருக்கும் கணினியே சிபாரிசு செய்ய வேண்டும். ஆள் ஒரு புள்ளி, பின்தொடர்தல் ஒரு கோடு என்றால், கோடிக்கணக்கான புள்ளிகள் பின்னிக் கிடந்த வலை அது. அவ்வளவு பெரிய வலையைப் பல கணினிகளுக்குப் பங்கு போடுவதே வழக்கம். குழுவோ மொத்தத்தையும் ஒரே கணினியின் நினைவகத்தில் திணித்தது. துணிச்சல்தான், கோடையிலேயே சேவை ஓடத் தொடங்கிவிட்டது. குறை ஒன்றே ஒன்று: அந்த வலை நேற்றையது.

உதாரணமாக, கால்பந்து ரசிகர் ஒருவர் பின்தொடரும் மூன்று நிருபர்கள், சில நிமிட இடைவெளியில் ஒரே புதுமுக வீரரின் பக்கம் திரும்புகிறார்கள். ஏதோ நடக்கிறது! ரசிகருக்கு அது உடனே தெரிய வேண்டும், மறுநாள் அல்ல. மேலே ரசிகர், நடுவில் நிருபர்கள், கீழே வீரர்: இந்த வடிவத்துக்கு 'வைரம்' என்று பெயர். சுமார் 10 கோடி புள்ளிகள், நொடிக்குச் சுமார் 10,000 புதுக் கோடுகள் என்ற கணக்கில் வைரங்களைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எப்படி?

ஒவ்வொரு ரசிகரிடமும் போய் 'புதிதாக ஏதாவது உண்டா' என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது ஆகாத காரியம். அவரவர் நண்பர்களின் நண்பர்களையும் சேர்த்து வைக்கலாமா? உத்தேசக் கணக்கே கைவிரித்தது.

வழி தலைகீழாகத் திறந்தது. புதுக் கோடு விழுந்த நொடியில், வீரரிடமிருந்து தேடல் புறப்பட்டது. இவரைச் சற்றுமுன் பின்தொடர்ந்தவர்கள் யார் யார்? அந்தச் சிறு பட்டியல் நினைவகத்திலேயே இருந்தது. அடுத்து அந்த நிருபர்களின் ரசிகர் பட்டியல்களை எடுத்து, எல்லாவற்றிலும் இருக்கும் பெயர்களைப் பொறுக்கினால் வேலை முடிந்தது. ரசிகர் பட்டியல்கள் மெதுவாகவே மாறுவதால் முன்கூட்டியே தயாரித்து வைக்க முடிந்தது. ஆனால் இப்போது ஒரே கணினி போதவில்லை. ரசிகர்களைப் பல கணினிகளுக்குப் பிரித்தார்கள்; புதுக் கோடுகளின் ஓட்டத்தையோ பிரிக்காமல் எல்லாக் கணினிகளுக்கும் முழுசாகவே அனுப்பினார்கள். வீண் வேலை போலத் தோன்றிய இந்த ஏற்பாட்டால், வைரம் தேடும்போது ஒரு கணினி இன்னொன்றிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால், இதை ஜனங்கள் விரும்புவார்களா?

2013இல் 'மேஜிக்ரெக்ஸ்' என்ற சோதனைக் கணக்கு, தன்னைப் பின்தொடர்ந்தவர்களுக்குத் தனிச்செய்தியாகச் சிபாரிசு அனுப்பிப் பார்த்தது. பிடித்துப்போயிற்று. அதே ஆண்டில் அது கைபேசிக்குள் நுழைந்தது: 'நீங்கள் பின்தொடரும் இன்னின்னார் இவரைப் பின்தொடர்கிறார்கள்' என்று திரையில் எட்டிப் பார்க்கும் அந்த அறிவிப்பாக.

இந்த அமைப்பில் பணியாற்றிய பங்கஜ் குப்தா, ஜிம்மி லின் உள்ளிட்டோர் 2014இல் அதன் அளவீடுகளை வெளியிட்டார்கள். கோடு விழுந்து சிபாரிசு பிறக்க எடுத்த இடைநிலை நேரம் 7 நொடி. அதில் தேடலுக்கு ஆனது சில மில்லிநொடிகள்தான். மிச்சமெல்லாம் செய்தி வரிசையில் முறைக்காகக் காத்துக் கிடந்த நேரம்.